மினரல் குடிக்காத தண்ணீர்

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓடுகிற, தேங்குகிற, சொட்டுகிற, வரும் வரும் என்று சொல்லிவிட்டு வராமலே போகிற அத்தனை தண்ணீரிலும் குச்சி விட்டுப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் மினரல்தான். கொளவாய் ஏரி, கல்யாண மண்டபத்து அண்டா, டீக்கடை டிரம், ஏ.சி. மெஷினுக்குப் பின்னால் சொட்டுகிற தண்ணீர் என்று எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. மேகத்துக்கு ஏணி போட முடியாததால் மட்டும் அது தப்பித்தது.

குச்சி என்றால் வேப்பங்குச்சி இல்லை. பேனா மாதிரி சட்டைப்பையில் செருகிக்கொள்கிற ஒரு சின்ன மீட்டர். மூடியைக் கழற்றி நுனியைத் தண்ணீரில் நனைத்தால், உப்பும் தாதுக்களும் அதில் எவ்வளவு கரைந்திருக்கின்றன என்று ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு தண்ணீருக்கு ஜாதகமே எழுதுவார் மினரல். எண் குறைவாக இருந்தால் "செத்த தண்ணி". கூடுதலாக இருந்தால் "கல்லுத் தண்ணி". நூற்றைம்பதை ஒட்டி வந்தால்தான் முகம் மலரும். அப்படி மலர்ந்து நான் பார்த்தது மிகவும் அபூர்வம்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்ன என்று எங்களில் யாருக்கும் தெரியாது. செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய மேன்ஷனில் நாங்கள் எல்லோரும் தங்கியிருந்தோம். நான் மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். என் அறைத்தோழன் சேகர் வேன் ஓட்டினான். எதிர் அறையில் மினரல். எங்களைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அச்சரப்பாக்கம் பக்கத்து விவசாயக் குடும்பம். வேதியியல் படித்தவர், இரண்டு பேப்பர் பாக்கி. மூச்சுக்கு மூச்சு கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் என்று சொந்த அத்தை மகன்களின் பெயரைச் சொல்வதுபோல் சொல்வார். அதனால் வந்த பெயர் அது.

அவருடைய தொழிலைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். தண்ணீரைச் சுத்தம் செய்கிற மெஷினை வீடு வீடாகப் போய் விற்பது. அந்த மெஷினைப் பற்றி உலகத்திலேயே மோசமான அபிப்பிராயம் வைத்திருந்தவரும் அவர்தான்.

ஒருமுறை ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். மெஷின் விற்பவர்கள் ஒரு வித்தை காட்டுவார்கள். இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் வீட்டுத் தண்ணீர், இன்னொன்றில் மெஷின் தண்ணீர். இரண்டிலும் இரும்புக் கம்பியை விட்டு கரண்ட் கொடுப்பார்கள். வீட்டுத் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் சாக்கடை நிறத்துக்குத் திரும்பிவிடும். மெஷின் தண்ணீர் அப்படியே தெளிவாக நிற்கும். அதைப் பார்த்த அந்த வீட்டம்மா அலறிவிட்டார்.

"ஐயோ, இத்தையா எம்புள்ளைங்க இவ்ளோ நாளா குடிச்சிக்கினு இருந்துச்சுங்க!"

வீட்டுக்காரர் பதறிப்போய் பணம் அனுப்புவதற்காக போனை எடுத்துவிட்டார். வேறு எந்த விற்பனையாளனாக இருந்தாலும் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பான். மினரலால் முடியவில்லை.

"பயப்படாதீங்கம்மா. அது உங்க தண்ணியில இருந்த அழுக்கு இல்ல. என் கம்பி கரைஞ்சு வந்த துரு. உங்க தண்ணியில உப்பு கீது, கரண்டு ஓடுது, கம்பி கரையுது. மெஷின் தண்ணியில ஒன்னியும் இல்ல, அதனால கரண்டு ஓடல. அவ்ளோதான் மேட்டரு."

"அப்ப எங்க தண்ணி நல்ல தண்ணிதானா?"

"காய்ச்சி வடிகட்டிக் குடிங்க. இன்னாத்துக்கு மெஷினு?"

வீட்டுக்காரரின் போன் பைக்குள் போய்விட்டது. எங்களுக்கு ஆளுக்கொரு காபி கிடைத்தது. அன்று சாயங்காலம் மேனேஜர் போனில் கத்தியது எனக்கே கேட்டது. ஆனாலும் மினரலை வேலையை விட்டு அனுப்ப முடியாது, ஏனென்றால் மெஷினைப் பழுது பார்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆகவே அவர் விற்காத மெஷின்களை மற்றவர்கள் விற்க, அவற்றை அவர் திட்டிக்கொண்டே ரிப்பேர் செய்துகொண்டிருந்தார்.

மேன்ஷனை ஒட்டி நாங்கள் சாப்பிடுகிற மெஸ் இருந்தது. அதை நடத்திய அம்மாவுக்கும் மினரலுக்கும் தினமும் ஒரு கச்சேரி நடக்கும். அங்கே வைத்திருந்த கேன் தண்ணீரில் குச்சியை விட்டுப் பார்த்துவிட்டு, சாப்பிடுகிற எல்லோருக்கும் கேட்கும்படி "செத்த தண்ணி" என்று அறிவிப்பார்.

"செத்துட்ச்சா? அப்ப ஒரு மாலையப் போட்டு தூக்கிக்கினு போ. எனுக்கு எடமாவது மிச்சமாவும்" என்பார் மெஸ்காரம்மா.

ஒருநாள் மினரல் துணிந்து ரசத்தை டம்ளரில் வாங்கி, ஆறவைத்து, மீட்டரை எடுத்தார்.

"தோ பாரு நைனா, என் ரசத்துல அந்தக் குச்சிய வுட்ட, கரண்டிக் காம்பு ஒன் மண்டையில எறங்கும்!"

அதற்குள் விட்டுவிட்டார். எண் எகிறியது. மினரல் எழுந்து நின்றே விட்டார்.

"யக்கா! புளி, தக்காளி, பருப்புத் தண்ணி, மொளகு, சீரகம்... இது ரசம் இல்லக்கா. பொட்டாசியம் கீது, இரும்பு கீது, ஊரே கீது இதுல. இந்த மேன்ஷன்ல ஒருத்தனும் இன்னும் சாவாம கீறான்னா, அது ஒன் ரசத்தாலதான்!"

அந்த எண்ணில் பாதிக்கு மேல் மெஸ்காரம்மா அள்ளிப் போட்ட உப்புதான் என்பது எனக்கு அப்போதே சந்தேகம். ஆனால் அன்றிலிருந்து மினரலுக்கு மட்டும் ரசம் இரண்டாவது முறையும் வந்தது.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போனோம். எல்லோரும் கோயிலைப் பார்த்துக்கொண்டு நிற்கையில், மினரல் பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு அலைக்குள் இறங்கி வங்காள விரிகுடாவில் குச்சியை விட்டார். அந்த மீட்டருக்கு அதெல்லாம் தாங்காது. எண் காட்டாமல் ஏதோ கோடு கோடாகக் காட்டிவிட்டுப் படுத்துவிட்டது. சுற்றுலா வந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் இது ஏதோ உள்ளூர்ச் சடங்கு என்று நினைத்து வளைத்து வளைத்துப் படம் எடுத்தது. மினரலும் கும்பிட்டு நின்றார்.

கரையேறியதும், மணலில் நெத்திலி காயவைத்து விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் போய் உட்கார்ந்துவிட்டார்.

"யக்கா, இது வெறும் கருவாடுன்னு நெனச்சுக்கினு கீறியா? முள்ளோட துன்னா அத்தினியும் கால்சியம். எலும்புக்கு அப்பிடி ஒரு சத்து. பால் குடிக்கிறவன்லாம் இத்த வாங்கித் துன்னலாம்."

"மெய்யாலுமா? அவ்ளோ சத்தா கீது?"

"பின்ன!"

"அப்ப நேத்து வெலைக்கு எப்பிடிக் குடுக்கறது? சேத்துப் போட்டுக் குடு."

சேகர் மணலில் விழுந்து புரண்டு சிரித்தான். மினரல் மறுபேச்சுப் பேசாமல் சேர்த்துக் கொடுத்து வாங்கினார். தான் சொன்ன கால்சியத்துக்குத் தானே பேரம் பேசுவது அவருக்கு நியாயமாகப் படவில்லை.

இப்படித் தண்ணீரைப் பற்றியே நாள் முழுக்கப் பேசுகிற மனிதரைப் பற்றி ஒரு விஷயம் எங்கள் யாருடைய மண்டையிலும் உறைக்கவே இல்லை. எங்கள் மேன்ஷனில் ஒரு மாடிக்கு ஒரே ஒரு பாத்ரூம். காலையில் அதன் வாசலில் நடக்கிற சண்டையில் பல நட்புகள் முறிந்திருக்கின்றன. அந்தச் சண்டையில் ஒருநாளும் கலந்துகொள்ளாத ஒரே ஆள் மினரல். "நீங்க போங்க மச்சான், எனக்கு அவசரம் இல்ல" என்பார். எவ்வளவு பெருந்தன்மை என்று நாங்கள் வியந்துகொண்டிருந்தோம்.

அவர் குடிப்பது ஒரே ஒரு தண்ணீர்தான். அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். அச்சரப்பாக்கத்தில் இருந்து வாராவாரம் ஒரு கேனில் பஸ்ஸில் கொண்டுவருவார். அதுதான் அந்த நூற்றைம்பது. இரண்டு நாளில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு? வெளியில் எங்கேயோ குடிக்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். வெளியில் இருப்பவர்கள் மேன்ஷனில் குடிக்கிறார் என்று நினைத்தார்கள்.

இனி கல்யாண விஷயம். மினரலுக்குப் பெண் பார்க்கும் படலம் வருடக்கணக்கில் நடந்துகொண்டிருந்தது. நம் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் வரும். அதை வாங்கி ஒரு வாயாவது குடிக்காவிட்டால், உன் வீட்டு உறவே வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம். பெண் பார்க்கப் போன வீட்டில் அது இன்னும் பெரிய குற்றம். மதுராந்தகத்தில் ஒரு வீட்டில் சொம்பு வந்ததும் மினரல் அதில் குச்சியை விட்டு, எண்ணைப் பார்த்து உச்சுக் கொட்டினார். பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"தம்பி, பொண்ணப் பாக்க வந்தியா, போரு தண்ணி பாக்க வந்தியா?"

அடுத்த வீட்டில் விஷயம் தெரிந்து, இவருக்காகவே கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கி வைத்திருந்தார்கள். இவர் லேபிளைப் படித்துவிட்டு, அதில் மக்னீசியம் போதாது என்று பெண்ணின் அம்மாவுக்கு விளக்கினார். தரகர் அன்றைக்கே இவருடைய போன் நம்பரைத் தடை செய்துவிட்டார். "எனக்கு ஒன்னும் அவசரம் இல்ல மச்சான்" என்று மினரல் இதிலும் பெருந்தன்மையாகத்தான் இருந்தார், கல்பனாவைப் பார்க்கும் வரை.

கல்பனா செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன். நோயாளிகள் என்ன சாப்பிட வேண்டும், என்ன சாப்பிடக் கூடாது என்று சொல்கிற வேலை. அங்கே மெஷினைப் பழுது பார்க்கப் போன மினரலிடம் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். "இந்த மெஷின் அழுக்கோட சேத்து நல்ல உப்பையும் எடுத்துடுதே, அத யாரு திருப்பிக் குடுப்பாங்க?"

அன்று மேன்ஷனுக்கு வந்த மினரலின் முகத்தைப் பார்த்து, அடிபட்டுவிட்டதோ என்று நாங்கள் பயந்தோம்.

"மச்சான், இத்தினி வருஷமா நான் ஊரப் பாத்து கேட்டுக்கினு கீற கேள்விய, அவங்க என்னப் பாத்து கேட்டுட்டாங்க" என்றார். அதோடு கட்டிலில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "அவங்களுக்கும் இன்னும் கல்யாணம் ஆவலையாம்" என்றார்.

அந்த மனிதர் ஒன்றை வேண்டும் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சேகர் அலைந்து திரிந்து, தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களைப் பிடித்து, திருக்கழுக்குன்றத்தில் கல்பனா வீட்டில் பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொண்டு வந்தான். இந்தத் தடவை மட்டும் தண்ணீரால் கெட்டுப்போகக் கூடாது என்று மேன்ஷனே உறுதியாக இருந்தது.

அது கத்திரி வெயில் காலம். அந்த வாரம் பார்த்து அச்சரப்பாக்கத்துக் கிணற்றில் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். கேன் வரவில்லை. இதையும் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. எங்கள் கவலை எல்லாம் மீட்டரைப் பற்றித்தான். வேனில் ஏறுவதற்கு முன் சேகர் அவரைச் சுவரோடு நிறுத்தி, சினிமாக் கொட்டகையில் தடவுவதுபோல் சோதனை போட்டு, மீட்டரைப் பிடுங்கித் தன் பையில் வைத்துக்கொண்டான்.

"அண்ணாத்த, அவங்க வூட்டுல இன்னா தண்ணி குடுத்தாலும் கண்ண மூடிக்கினு ஒரே மடக்கு. புரியுதா?"

"குடிக்கிறேன்" என்றார் மினரல். உதடு காய்ந்து வெடித்திருந்தது. மாப்பிள்ளைப் பதற்றம் என்று நினைத்தேன். வழியெல்லாம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நெளிந்துகொண்டே வந்தார். அதையும் பதற்றம் என்றே நினைத்தேன்.

கல்பனாவின் அப்பா ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். வேலையை விட்டு வந்தாலும் குரல் வேலையை விடவில்லை. "வாங்க, உள்ள வாங்க! வாசப்படியில நிக்காதீங்க, நடுவுல எடம் கீது, முன்னாடி போங்க, முன்னாடி போங்க!" என்று எங்களை ஹாலில் நிரப்பினார். எல்லோரும் உட்கார்ந்ததும் கல்பனாவே தட்டில் தண்ணீர் கொண்டுவந்தார். நேராக மினரலிடம் நீட்டினார். அவருக்கும் அந்த மெஷின் ரிப்பேர் நாள் ஞாபகம் இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

மினரலின் வலது கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. சேகர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். கை திரும்பி வந்து டம்ளரை எடுத்தது. உதடு வரை போனது. அப்படியே நின்றது. முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. டம்ளர் கையிலிருந்து நழுவி, தண்ணீர் முழுவதும் தரையில் சிதறியது.

"இன்னாங்க இது! எங்க வூட்டுத் தண்ணிய கீழ ஊத்திக்கினு கீறாரு!" என்று எழுந்துவிட்டார் கண்டக்டர்.

மினரல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் இருந்து சரிந்து தரையில் சுருண்டார். சேகருக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. தான் செய்த அநியாயம்தான் இதற்கெல்லாம் காரணம் என்று நினைத்து, பையில் இருந்து மீட்டரை எடுத்து அவர் கையில் திணித்தான்.

"இந்தாண்ணாத்த! பாத்துக்கோ! நல்லா பாத்துக்கோ! எழுந்திரு அண்ணாத்த!"

ஹால் முழுவதும் அந்த மீட்டரையே பார்த்தது. மதுராந்தகத்துக் கதை திருக்கழுக்குன்றம் வரை வந்திருந்தது போலிருக்கிறது. "ஓ, அந்த ஆளா இவரு!" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். எல்லாம் முடிந்தது என்று நான் செருப்பைத் தேட ஆரம்பித்தேன்.

கல்பனா மட்டும் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வலி முதுகுல ஆரம்பிச்சு அடிவயித்துக்கு எறங்குதா?"

மினரல் தலையாட்டினார்.

"காலையிலேந்து எவ்ளோ தண்ணி குடிச்சீங்க?"

மினரல் தரையில் சிதறிக் கிடந்த தண்ணீரைப் பார்த்தார்.

"நேத்து?"

வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாத பையன் குரலில் மினரல் சொன்னார். "எந்தத் தண்ணியும் செட்டாவல. வெள்ளிக்கெழம ஒரு டீ குடிச்சேன். அப்பறம் மெஸ்ல ரசம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாத்ரூம் பெருந்தன்மை, காய்ந்த உதடு, இரண்டே நாளில் தீர்ந்துபோகிற கேன், எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. மாவட்டம் முழுவதும் தண்ணீரைச் சோதித்த அந்த மனிதர், எதிலும் திருப்தி இல்லாமல், தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார். சிரிப்பு வரவேண்டிய இடம்தான். எனக்கு அழுகைதான் வந்தது.

வந்த வேனிலேயே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். கண்டக்டர் முன் சீட்டில் உட்கார்ந்து, "ரைட்டு, ரைட்டு, போலாம் ரைட்டு!" என்று சேகருக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார். சிறுநீரகத்தில் கல் என்றார் டாக்டர். சின்னக் கல்தானாம், நிறையத் தண்ணீர் குடித்தால் தானாகவே வெளியே வந்துவிடுமாம். ஊசி போட்டு வலி அடங்கியதும், குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

கல்பனா வராந்தாவில் இருந்த கேனில் ஒரு டம்ளர் பிடித்துக்கொண்டு வந்தார். மினரல் அதைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இதுல கால்சியம்..." என்று ஆரம்பித்தார்.

"கால்சியத்தப் போயி டம்ளர்ல தேடுறீங்களே. கேவுரு கூழுல கீது, முருங்கக்கீரையில கீது, நெத்திலியில கீது. பொட்டாசியம் வாழப்பழத்துல கீது. அதெல்லாம் சாப்பாட்டுல தாராளமா வரும். தண்ணி குடுக்கறது கொஞ்சம்தான். ஆனா உள்ள போனதையெல்லாம் ஒடம்பு பூரா எடுத்துக்கினு போறதுக்கும், வேணாங்கறத வெளிய கொண்டாந்து கொட்டறதுக்கும் தண்ணிதான் வேணும். வண்டியே ஓடலேன்னா உள்ள எவ்ளோ நல்ல சரக்கு இருந்து இன்னா?"

"கரெக்டு!" என்றார் வாசலில் நின்ற கண்டக்டர், வண்டி என்ற சொல்லைக் கேட்டதும்.

கல்பனா டம்ளரை நீட்டினார். "இது எத்தினி காட்டும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. குடிங்க."

மினரல் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். முதலில் ஒரு வாய். அப்புறம் நிறுத்தாமல் முழு டம்ளரும். இன்னொன்று கேட்டார். நெஞ்செல்லாம் நனைய நனைய அதையும் குடித்தார். இவ்வளவு தாகத்தை எப்படி அடக்கி வைத்திருந்தார் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

ஆனால் கல்யாணம்? அதில்தான் கண்டக்டர் விசிலை ஊதி நிறுத்திவிட்டார். "தண்ணி குடிக்கத் தெரியாத ஆளுக்கு எம்பொண்ணக் குடுக்க மாட்டேன்" என்றார். கல்பனா அப்பாவைப் பார்த்தார், மினரலைப் பார்த்தார். "மொதல்ல கல்லு போவட்டும். அப்பால பேசலாம்" என்றார். மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை என்பதைச் சேகர் கீழே வரும்போது படிக்குப் படி எங்களுக்கு ஞாபகப்படுத்திக்கொண்டு வந்தான்.

அதற்குப் பிறகு மேன்ஷனில் எல்லோருக்கும் ஒரே வேலை, மினரலுக்குத் தண்ணீர் கொடுப்பது. மீட்டரைச் சேகர் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டான். மாடிப்படியில் எதிரே வருபவன் எல்லாம் பாட்டிலை நீட்டினான். மெஸ்காரம்மா செத்த தண்ணீரை எடுத்து வந்து தலைமாட்டில் நின்று, "குடிக்கிறியா, இல்ல வாயில ஊத்தட்டா?" என்பார். முதல் வாரம் மருந்து குடிக்கிற முகத்தோடு குடித்தார். அப்புறம் அது அவருக்குப் பழகிவிட்டது.

ஒருநாள் காலையில் பாத்ரூம் வாசலில் பெரிய கூச்சல். எழுந்து ஓடினேன். மினரல் கதவைத் தட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ நேரம்டா உள்ள இன்னா பண்ற! ஒரே பேஜாரா போச்சு! வெளிய வாடா!"

நாங்கள் கைதட்டினோம். உள்ளே இருந்தவன் என்னவோ ஏதோ என்று பாதி சோப்போடு வெளியே வந்தான். மெஸ்காரம்மா அன்றைக்கு எல்லோருக்கும் நாஸ்தாவோடு கேசரி கொடுத்தார்.

கல் வெளியே வந்த அன்று மினரல் அதைக் கழுவி, பஞ்சில் சுற்றி, காலி தீப்பெட்டியில் வைத்துக்கொண்டு, என்னையும் சேகரையும் அழைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் போனார். வேண்டாம் என்று நாங்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். நிரூபணம் வேண்டாமா என்றார். கண்டக்டர் தீப்பெட்டியை வாங்கித் திறந்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"மாப்ள, மத்தவங்கல்லாம் பொண்ணு கேட்டு வரும்போது பூவும் பழமும் கொண்டாருவாங்க."

அவர் வாயில் இருந்து மாப்பிள்ளை என்று வந்துவிட்டதைச் சேகர்தான் முதலில் கவனித்தான். என் தொடையைக் கிள்ளியே விட்டான். உள்ளே இருந்து கல்பனா தண்ணீர் கொண்டுவந்தார். மினரல் வாங்கிக் கடகடவென்று குடித்துவிட்டு, சொம்பையும் கேட்டார். தரையில் ஒரு சொட்டு சிந்தவில்லை.

கல்யாணம் திருக்கழுக்குன்றத்திலேயே நடந்தது. தாலி கட்டி முடிந்து நாங்கள் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தோம். பரிமாறுகிறவர்கள் வேலையில் இருக்கும்போது, வரிசையின் கோடியில் ஏதோ சலசலப்பு. பார்த்தால், கழுத்தில் மாலையோடு மாப்பிள்ளை வருகிறார். கையில் ஒரு பெரிய ஜக்கு. ஒவ்வொரு இலையாக நின்று டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வருகிறார்.

"குடிங்கண்ணா. மொதல்ல தண்ணி குடிங்க. ஏம்மா, கொழந்தைக்கும் குடும்மா. பெரியவரே, இன்னும் கொஞ்சம்."

"மாப்ள, நீங்க வந்து ஒக்காருங்க! அதுக்கு ஆளு கீது!" என்று கண்டக்டர் மேடையில் இருந்து கத்தினார். மினரல் காதில் வாங்கவே இல்லை. கல்பனா தடுக்காமல் சிரித்துக்கொண்டு நின்றார். சேகர் அன்று காலைதான் மீட்டரைத் துணியில் துடைத்துக் கல்யாணப் பரிசாகத் திருப்பிக் கொடுத்திருந்தான். அது பட்டுச் சட்டைப்பையில் இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

என் இலைக்கு வந்தார். டம்ளரை நிரப்பினார். பழக்கதோஷம், கை சட்டைப்பைப் பக்கம் போனது. பாதியில் நின்றது. அந்தக் கையை எடுத்து என் தோளில் வைத்து, "குடி மச்சான்" என்றார். நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இந்த மனிதர் இத்தனை நாள் தாகத்தோடு எங்கள் எதிர் அறையில் இருந்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டே டம்ளரைக் காலி செய்தேன்.

மண்டபத்துத் தண்ணீர் உப்புக் கரித்தது. நான் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.